பட்ட மரத்தில் வளரும் தட்டுக் காளான்கள்

மழைக்காலம் தொடங்கிச் சில வாரங்கள் சென்றபின் காட்டினுள் நுழைவோர், வீழ்ந்து கிடக்கும் அடிமரங்களின் மீதும், பட்டுப்போய் நிற்கும் மரங்களின் மீதும், அலமாரித் தட்டுகளைப் போலப் பக்கவாட்டில் நீண்டு நிற்கும் காளான்களைக் காண்பர். சில நகத்தளவே இருக்கும். சில முறத்தளவு பரந்து, ஒரு சிறுவனின் எடையைத் தாங்கும் அளவுக்கு உறுதியாக இருக்கும். குப்பைமேட்டில் ஒரே இரவில் முளைத்து மறுநாளே வாடிவிடும் குடைக்காளானுக்கும் இவற்றுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை குறைவு. இவை தோலைப் போன்றோ, தக்கையைப் போன்றோ, கட்டையைப் போன்றோ கடினமானவை. இவற்றுட் பல ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும். இவற்றையே இக்கட்டுரையில் தட்டுக் காளான்கள் எனக் குறிப்பிடுகிறோம்.

இவற்றைப் பற்றிக் களப் பணியாளரிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. காளான் தோன்றியதனால்தான் மரம் பட்டது என்பது ஒன்று. காளானைச் சுரண்டி எறிந்துவிட்டால் மரம் பிழைத்துவிடும் என்பது மற்றொன்று. முதற்கருத்து சிற்சில மரங்களைப் பொறுத்தவரையில் உண்மை. பெரும்பாலானவற்றைப் பொறுத்தவரையில் தவறு. இரண்டாவது கருத்து எப்பொழுதுமே தவறு. இவ்வாறு கூறுவதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், காளானின் உடலமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

காளானின் உடல் எங்கே இருக்கிறது?

நம் கண்ணுக்குத் தெரியும் தட்டு, காளானின் முழு உடல் அன்று. மாமரத்துக்கு மாங்கனி எவ்வாறோ, அவ்வாறே காளானுக்கு இத்தட்டு. காளானின் மெய்யான உடல் மரத்தினுள்ளே மறைந்திருக்கிறது. அது தலைமயிரினும் மெல்லிய இழைகளால் ஆயது. இவ்விழைகள் கிளைத்துக் கிளைத்து, மரத்தின் அணுவறைகளைத் துளைத்துச் சென்று, ஒரு பின்னலாகப் படர்கின்றன. இதற்கு இழைப்பின்னல் என்று பெயர். பல ஆண்டுகள் மரத்தை உண்டு வளர்ந்து, போதிய உணவைச் சேர்த்துக்கொண்ட பின்னரே இவ்விழைப்பின்னல் வெளியே தட்டைத் தோற்றுவிக்கிறது. ஆதலின், தட்டு வெளிப்பட்டுவிட்டது என்றால் உள்ளே நெடுநாளாகவே மரம் மட்கி வருகிறது என்பது பொருள். தட்டைச் சுரண்டுவது கனியைப் பறிப்பதற்கு ஒப்பாகுமேயன்றி, மரத்தை வேரோடு களைவதற்கு ஒப்பாகாது.

தட்டின் அடிப்புறத்தை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியினால் நோக்கின், ஊசியால் குத்தியவை போன்ற எண்ணற்ற துளைகள் தோன்றும். கேனோடெர்மா அப்ளனேட்டம் என்னும் பெரிய வகையில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 4 முதல் 6 துளைகள் வரை இருக்கும். ஒவ்வொரு துளையும் மேல்நோக்கிச் செல்லும் ஒரு நுண்குழாயின் வாய். குழாயின் உட்சுவரில் கதைபோன்ற உருவுடைய உறுப்புகள் நெருங்கி அமைந்துள்ளன. ஒவ்வோர் உறுப்பும் பொதுவாக நான்கு சிதல்களை ஈனுகிறது. இச்சிதல்களே காளானுக்கு விதையாகப் பயன்படுகின்றன. முதிர்ந்த சிதல் சுவரிலிருந்து சிறிது தொலைவு தெறித்து, குழாயின் நடுவே நேராகக் கீழே விழுந்து, துளைவழியே வெளியேறிக் காற்றில் மிதந்து செல்கிறது.

குழாய் செங்குத்தாக இல்லாவிடில் சிதல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால்தான் தட்டு எப்பொழுதும் தரைக்கு இணையாகவே வளர்கிறது. நின்ற மரம் சாய்ந்து வீழ்ந்துவிட்டால், பழைய தட்டுகள் செங்குத்தாகத் திரும்பிவிடுகின்றன. அதன்பின் தோன்றும் புதிய வளர்ச்சி மீண்டும் தரைக்கு இணையாகவே அமையும். எனவே, வீழ்ந்து கிடக்கும் மரத்தில் தட்டுகள் எத்திசையில் உள்ளன என்பதைக் கொண்டே, அவை மரம் வீழ்வதற்கு முன் வளர்ந்தவையா, பின் வளர்ந்தவையா என்று சொல்லிவிடலாம்.

சிதல்களின் தொகை நம்மை வியப்பில் ஆழ்த்துவது. மேற்கூறிய கேனோடெர்மா அப்ளனேட்டம் வகையின் பெரிய தட்டு ஒன்று, நாளொன்றுக்கு 3,000 கோடிச் சிதல்கள் வீதம், ஏறக்குறைய ஐந்து, ஆறு திங்கள் தொடர்ந்து உதிர்ப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். தட்டின் மேற்புறத்திலும், சுற்றியுள்ள இலைகளின் மீதும் கோக்கோப் பொடி தூவினாற்போலப் படிந்திருப்பது இச்சிதல்களே. இவற்றுட் கோடியில் ஒன்றுகூட நல்ல இடத்தில் விழுந்து முளைப்பதில்லை. ஆயினும் காட்டில் வீழும் எந்த மரமும் நெடுநாள் காளானின்றிக் கிடப்பதில்லை. அதற்குக் காரணம் இப்பெருந்தொகையே.

மரம் எவ்வாறு மட்குகிறது?

மரக்கட்டை மூன்று பொருள்களால் பெரிதும் ஆயது. அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செல்லுலோஸ் உள்ளது. இது கம்பிபோல் நீண்டு மரத்துக்கு இழுவலிமையைத் தருவது. அரைச் செல்லுலோஸ் என்னும் பொருளும், லிக்னின் என்னும் பொருளும் எஞ்சிய பகுதியில் பெரும்பங்கு வகிக்கின்றன. கட்டடத்தில் இரும்புக் கம்பிகளைச் சூழ்ந்து கான்கிரீட்டு நிற்பதுபோல், செல்லுலோஸ் இழைகளைச் சூழ்ந்து லிக்னின் நிற்கிறது. லிக்னினின் மூலக்கூறு ஒழுங்கற்ற பிணைப்புகளை உடையது. ஆதலின் அதனைச் சிதைத்தல் மிகக் கடினம். அதனை முற்றிலும் சிதைக்கும் திறமையில் காளான்களுக்கு நிகரான உயிர்கள் வேறில்லை.

மட்குதல் இரு வகைப்படும். முதலாவது வெள்ளை மட்கல். இதில் காளான் லிக்னினையும் செல்லுலோஸையும் சேர்த்தே உண்கிறது. எஞ்சும் மரம் வெளிறி, நார்நாராகவோ பஞ்சுபோலவோ ஆகிவிடும். லிக்னினைத் தாக்கும் நொதிகளுள் ஒன்று 1983-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது. ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் துணையாகக்கொண்டு லிக்னினின் பிணைப்புகளை அது அறுக்கிறது.

இரண்டாவது பழுப்பு மட்கல். இதில் காளான் செல்லுலோஸையும் அரைச் செல்லுலோஸையும் உண்டு, லிக்னினைச் சிறிது மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. எஞ்சும் மரம் கரும்பழுப்பு நிறமடைந்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சிறு சதுரக் கட்டிகளாகப் பிளவுபடும். விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். இவ்வகையில் இரும்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்ந்து உண்டாக்கும் மிகக் கூர்மையான வேதிப்பொருள்கள், நொதிகள் நுழைய முடியாத நுண்ணிடங்களிலும் புகுந்து செல்லுலோஸைத் துண்டிக்கின்றன. இதன் விளைவு கட்டடப் பணியாளர் நினைவில் கொள்ள வேண்டியது. பழுப்பு மட்கலில் மரம் தன் எடையில் பத்தில் ஒரு பங்கை இழக்கும் முன்னரே, அதிர்ச்சியைத் தாங்கும் வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. பார்வைக்கு நன்றாகத் தோன்றும் உத்தரம் திடீரென முறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அகன்ற இலை மரங்களில் வெள்ளை மட்கலே மிகுதி. பைன், தேவதாரு முதலிய ஊசியிலை மரங்களில் பழுப்பு மட்கல் மிகுதியாகக் காணப்படும். ஆயினும் இஃது ஒரு பொதுவிதியே. விலக்குகள் பல உள.

ஈரமும் காற்றும்

மட்குதலுக்கு ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையை 100 எனக் கொண்டால், அதில் நீரின் அளவு 20-க்குக் குறைவாக இருக்கும்வரை காளான் வளராது. ஏறத்தாழ 30-ஐக் கடந்தபின் மரத்தின் அணுச்சுவர்கள் நிறைவுற்று, மிகுநீர் அணுவறைகளினுள் தங்கும். அப்பொழுது காளான் செழித்து வளரும். ஆனால் அணுவறைகள் முழுவதும் நீரால் நிரம்பிவிட்டால், காற்றின்மையால் வளர்ச்சி நின்றுவிடும். குளத்து நீரில் முழுக மூழ்கிய கட்டை நெடுங்காலம் கெடாதிருப்பதும், வேலிக்கம்பம் தரைமட்டத்தில் முதலில் இற்றுப்போவதும் இதனால்தான். தரைமட்டத்தில் ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கின்றன.

எல்லா மரங்களும் ஒரே விரைவில் மட்குவதில்லை. தேக்கின் வைரக்கட்டையிலும் தேவதாருவின் வைரக்கட்டையிலும் காளானுக்கு நஞ்சாகும் பொருள்கள் இயற்கையாகவே படிந்துள்ளன. இலவு, மா முதலியவற்றில் இத்தகைய பாதுகாப்பு இல்லை. இவ்வேற்றுமையை அளந்தறியும் பொருட்டு, குறிப்பிட்ட அளவுள்ள கட்டைகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து, அவை எத்தனை திங்கள் நிலைக்கின்றன என்று பார்க்கும் சோதனை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. 120 திங்களும் அதற்கு மேலும் நிலைப்பவை முதல் வகுப்பு. 60 முதல் 120 திங்கள் வரை நிலைப்பவை இரண்டாம் வகுப்பு. 60-க்கும் குறைந்தவை மூன்றாம் வகுப்பு. இவ்வகுப்புகள் வைரக்கட்டைக்கு மட்டுமே பொருந்தும். வெளிப்புறத்து வெளிறிய சாற்றுக்கட்டை, தேக்கிலும்கூட, எளிதில் மட்கக்கூடியதே.

நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சி

இந்தியாவில் தட்டுக் காளான்களை ஆராய்ந்தவருள் சஹாய் ராம் போஸ் முன்னோடி. கல்கத்தாவில் ஆசிரியராகப் பணியாற்றிய இவர், 1918 முதல் வங்காளத்துத் தட்டுக் காளான்களை வரிசையாக விவரித்து வெளியிட்டார். 1931-இல் பட்லரும் பிஸ்பியும் இந்தியக் காளான்கள், பூசணங்கள் அனைத்தையும் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டனர். 1906-இல் நிறுவப்பெற்ற டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பாக்சி, பக்ஷி ஆகியோர் காட்டு மரங்களின் நோய்களை முறையாக ஆராய்ந்தனர். பக்ஷி எழுதிய இந்தியத் தட்டுக் காளான்களைப் பற்றிய பெருநூல் 1971-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தால் வெளியிடப்பட்டது. கேரளத்துத் தட்டுக் காளான்களைப் பற்றி லீலாவதியும் கணேஷும் எழுதிய நூல் 2000-இல் வெளிவந்தது.

பழைய காட்டுத் திட்டக் குறிப்புகளைப் படிப்போர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். காளான்களின் விஞ்ஞானப் பெயர்கள் பல மாறிவிட்டன. முன்னர்ப் போமஸ் அன்னோசஸ் என எழுதப்பட்டது இன்று ஹெட்டரோபேசிடியான் என்னும் இனத்தைச் சேர்ந்தது. கேனோடெர்மா லூசிடம் என்று நம் நாட்டில் வழங்கிய பெயருக்குள் பல வேறு இனங்கள் அடங்கியிருப்பதை மரபணு ஆராய்ச்சி புலப்படுத்தியுள்ளது.

எளிதில் அடையாளம் காணத்தக்க சில வகைகள்

சமவெளிக் காடுகளில் வெயில் படும்படி கிடக்கும் கட்டைகளில், குங்கும நிறமும் செம்மஞ்சள் நிறமும் கலந்த மெல்லிய தட்டுகளைக் காணலாம். இது பிக்னோபோரஸ் சாங்குவினியஸ் என்னும் வகை. இதனைத் தொலைவிலிருந்தே அறியலாம். ஹெக்ஸகோனியா இனத்தில் அடிப்புறத் துளைகள் தேனடையைப் போல அறுகோண வடிவில், கண்ணாடியின் துணையின்றியே தெரியும் அளவுக்குப் பெரியனவாக இருக்கும். மைக்ரோபோரஸ் சாந்தோபஸ் புனல் வடிவினது. இதற்கு மஞ்சள் நிறக் காம்பு உண்டு. ஈரக்காடுகளில் விழுந்த சுள்ளிகளின்மேல் கூட்டமாக வளரும்.

கேனோடெர்மா இனத்தில் இரு தோற்றங்கள் உண்டு. சில, மெருகெண்ணெய் பூசியது போலப் பளபளக்கும் செம்பழுப்புத் தட்டுடையவை. சில, மங்கிய பழுப்பு நிறமுடையவை. கேனோடெர்மா அப்ளனேட்டத்தின் வெண்மையான அடிப்புறத்தில் ஓர் ஆணியால் கீறினால், கீறிய கோடு உடனே பழுப்பாக மாறி நிலைத்துவிடும். பெல்லினஸ் இனத்துத் தட்டுகள் கட்டையைப் போல் கடினமானவை, குளம்பின் வடிவினவை, மேற்புறம் கருத்து வெடித்திருக்கும். ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்திலும் புதியதொரு குழாயடுக்கு அடியில் சேர்வதால், இவற்றை வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தோன்றும். இமயமலையின் ஊசியிலைக் காடுகளில் ஓரத்தில் செந்நிறப் பட்டையுடைய போமிட்டாப்ஸிஸ் வகைகளும், அகன்ற இலை மரக் கட்டைகளில் பலநிற வளையங்களையுடைய டிராமட்டஸ் வெர்சிகலர் வகையும் உண்டு.

பிளவுச் செதிற் காளான் எனத்தக்க ஸ்கைசோபில்லம் கம்யூன், துளைகளுக்கு மாறாகப் பிளவுபட்ட செதில்களை உடையது. எனினும், சிறு விசிறி போன்ற வடிவில் இறந்த மரத்தில் எங்கும் வளர்வதால் தட்டுக் காளான்களோடு சேர்த்தே காணப்படும். மணிப்பூரில் இதனைக் காங்லாயென் என்ற பெயரால் சந்தையில் விற்கின்றனர். மக்கள் விரும்பி உண்கின்றனர். ஆயினும் அடையாளம் தெரியாத எந்தக் காளானையும் உண்ணலாகாது என்பதை மாணவர்களுக்கு முதற்கண் உணர்த்த வேண்டும்.

நிற்கும் மரத்தின் வைரத்தில்

காளான் உண்பது இறந்த மரத்தையே என்றோம். ஆனால் உயிருள்ள மரத்தின் நடுவிலுள்ள வைரக்கட்டையும் இறந்த பகுதியே. பட்டைக்கு அண்மையிலுள்ள பகுதிகளே மரத்துக்கு உயிர்ப்பாகம். ஆகவே, கிளை முறிந்த புண், தீக்காயம், அரிவாள் வெட்டு முதலியவற்றின் வழியே நுழையும் காளான், வெளிப்பகுதி பசுமையாக இருக்கும்பொழுதே நடுப்பகுதியை உண்டுவிடும். மரம் தழைத்துப் பூத்துக் காய்க்கும். உள்ளே குடைந்து வெற்றிடமாகியிருக்கும். இதனை வைர அழுகல் என்கிறோம். இமயமலையில் கைல் எனப்படும் நீலப் பைன் மரத்தைத் தாக்கும் பெல்லினஸ் பைனி இவ்வகையினது. எருவுக்கும் விறகுக்கும் கிளைகளை வெட்டும்பொழுது ஏற்படும் புண்களே அதற்கு வாயில். சால மரக் காடுகளிலும் வைர அழுகலால் நல்ல மரம் வீணாகிறது.

காளான் மரத்தைக் கொல்லும் நிலையும் உண்டு. வங்காளம், அசாம் முதலிய கிழக்குப் பகுதிகளின் ஈரக்காடுகளில் பாலிபோரஸ் ஷோரியே என்னும் வகை சால மரத்தின் வேர்களைத் தாக்குகிறது. நுனி காய்ந்து, வேர் வலுவிழந்து, காற்றில் மரம் சாய்கிறது. சிசம் மரத்தையும், காசுக்கட்டி எடுக்கும் கருங்காலியையும் கேனோடெர்மா தாக்குகிறது. இயற்கைக் காட்டை அழித்து, பழைய அடிக்கட்டைகளை மண்ணிலேயே விட்டு, அதன்மேல் வளர்க்கப்பெற்ற தோட்டங்களில் இந்நோய் மிகுதி. அடிக்கட்டையில் வாழும் காளான், வேரோடு வேர் உரசும் இடத்தில் புதிய மரத்துக்குத் தாவுகிறது. தஞ்சை மாவட்டத்தில் 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப்பின் கவனிக்கப்பெற்ற தென்னை வாடல் நோயும் கேனோடெர்மாவின் செயலே. அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிவது அதன் அறிகுறி. பட்ட தென்னையை வெட்டிவிட்டுத் தூரை மண்ணிலேயே விடுவது, அடுத்த தென்னைக்கு நோயை விதைப்பதேயாகும்.

காட்டிலிருந்து வீட்டுக்கு

ஐரோப்பாவில் மர வீடுகளை அழிப்பதில் பேர்போனது செர்ப்புலா லாக்ரிமன்ஸ் என்னும் காளான். தட்டாகவும் படலமாகவும் வளரும் இது, தடித்த கயிறு போன்ற இழைக்கற்றைகளால் நீரைக் கொண்டுசென்று, அண்டையிலுள்ள உலர்ந்த மரத்தையும் நனைத்து உண்ணவல்லது. வீடுகளில் நன்கறியப்பட்ட இக்காளானின் காட்டுப் பிறப்பிடம் நெடுநாள் தெளிவாகாதிருந்தது. 1954-இல் பாக்சி இதனை இமயமலைக் காடுகளில் கண்டு அறிவித்தார். 1990-களின் தொடக்கத்தில் நார்க்கண்டாப் பகுதிக்குச் சென்ற ஆராய்ச்சியாளர் மீண்டும் அதனைக் காட்டு மரங்களில் கண்டனர். 2007-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியும் இது ஆசியாவில் தோன்றி உலகெங்கும் பரவியது எனக் காட்டியது.

மரத்தை மட்கலிலிருந்து காக்கும் முறையிலும் நம் நாட்டுக்கு ஒரு பங்குண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் 1933-இல் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்து ஒரு கலவையைக் கண்டார். அது அஸ்கு என்ற பெயரால் வழங்கியது. ஆர்செனிக்கும் தாமிரமும் மழைநீரில் கரைந்து வெளியேறாதபடி குரோமியம் அவற்றை மரத்தில் பிணைத்துவிடுகிறது. தந்திக் கம்பங்கள், வேலிக் கம்பங்கள் முதலியவற்றில் இக்கலவை உலகெங்கும் உபயோகிக்கப்பட்டது. ஆர்செனிக்கு நஞ்சாதலின், 2003-ஆம் ஆண்டின் இறுதி முதல் அமெரிக்காவில் குடியிருப்புகளுக்கான மரவேலைகளில் இதன் உபயோகம் நிறுத்தப்பட்டது. இவ்வாறு பதம்செய்த பழைய கட்டைகளை அடுப்பில் எரித்தல் பெருந்தீங்கு. புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக்கு இருக்கும்.

காட்டுக்கு இவை செய்யும் தொண்டு

இதுகாறும் கூறியவற்றால் தட்டுக் காளான்கள் பகைவர் எனக் கொள்ளற்க. காட்டில் வீழும் மரங்கள் அனைத்தும் மட்காது கிடந்தால், சில நூற்றாண்டுகளில் முளை விடுதற்கும் இடமிராது. மரத்தில் கட்டுண்டு கிடக்கும் சுண்ணச்சத்து, பொட்டாசியம், பாஸ்பரஸ் முதலியன மண்ணுக்கு மீள்வது இவற்றாலேயே. மரக்கட்டையில் நைட்ரஜன் மிகச் சொற்பம். சிதறிக் கிடக்கும் அச்சிறிதளவைக் காளான் தன் உடலில் திரட்டிக்கொள்கிறது. வண்டுப் புழுக்களும் பிற பூச்சிகளும் காளானையும், காளான் ஊடுருவிய மரத்தையும் உண்கின்றன. அவற்றை மரங்கொத்திகள் உண்கின்றன.

இருவாய்ச்சிப் பறவை தானே மரத்தில் பொந்து குடைய இயலாதது. வைர அழுகலாலும் கிளை முறிவாலும் உண்டான பொந்துகளையே அது நாடுகிறது. பெட்டை பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் சிறு பிளவின் வழியே உணவூட்டுகிறது. உட்குழிந்த பெருமரங்கள் அனைத்தையும் பயனற்றவை என வெட்டிவிட்டால், அக்காட்டில் இருவாய்ச்சி குஞ்சு பொரிக்க இடமில்லை. பறந்து சென்று பழ விதைகளைப் பரப்பும் பறவை இல்லையாயின், அவ்விதைகளை நம்பியுள்ள மரங்களும் குன்றும். ஒரு காளானின் வேலை எத்துணைத் தொலைவு செல்கிறது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கரியின் கணக்கிலும் இறந்த மரத்துக்கு இடமுண்டு. 2011-இல் வெளியான உலகக் கணக்கீட்டின்படி, காடுகளிலுள்ள மொத்தக் கரியில் சுமார் 8 விழுக்காடு இறந்த மரத்தில் உள்ளது. காளான்கள் அதனை மெல்ல மெல்லக் கரியமில வாயுவாக வெளிவிடுகின்றன. அதே மரத்தை எரித்தால் ஒரு மணி நேரத்தில் அனைத்தும் வெளியேறிவிடும்.

களப் பணியாளர் கவனத்துக்கு

1. தட்டைச் சுரண்டுவதால் மரம் பிழைக்காது. தட்டு தோன்றிய இடம், உயரம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்க. அப்பதிவே பயன்தரும்.

2. அடிமரத்தின் கீழ்ப்பகுதியிலோ வேரிலோ தட்டு காணப்பட்டால் மரம் சாயக்கூடும். பாதை, பள்ளிக்கூடம், குடியிருப்பு ஆகியவற்றுக்கு அருகில் நிற்பதாயின் மேலதிகாரிக்கு உடனே அறிவிக்க வேண்டும். இலைகள் பசுமையாக உள்ளனவே என்று வாளாவிருத்தல் கூடாது. மரச்சுத்தியால் தட்டிப் பார்க்கும்பொழுது பறையொலி போன்ற ஓசை எழின் உள்ளே வெற்றிடம் உண்டு என ஐயுறலாம்.

3. காட்டின் உட்பகுதியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அவ்வாறு நிற்கும் முதுமரத்தை, வேறு காரணம் இல்லாவிடில் நிற்க விடுதலே நன்று. வீழ்ந்த பெருங்கட்டைகளுள் சிலவற்றையாவது கிடந்தபடியே மட்க விடுக.

4. புதிய தோட்டம் வைக்குமிடத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வேரழுகல் காணப்பட்ட நிலத்தில் பழைய அடிக்கட்டைகளையும் பருத்த வேர்களையும் தோண்டி அகற்றிய பின்னரே நடுக. நோயுற்ற மரங்களைச் சூழக் குழி வெட்டி வேர்த்தொடர்பை அறுக்கலாம். ஐரோப்பாவில் பைன் மரங்களை வெட்டியவுடன் அடிக்கட்டையின்மீது தீங்கற்ற வேறொரு காளானின் சிதல்களைத் தெளித்து, ஹெட்டரோபேசிடியான் நுழையாதவாறு தடுக்கின்றனர். இம்முறையை 1960-களில் இங்கிலாந்தில் ரிஷ்பெத் உருவாக்கினார்.

5. மரக்கிடங்கில் கட்டைகளை மண்மேல் நேரே கிடத்தாதீர். தாங்குகட்டைகளின்மீது, காற்றோட்டம் இருக்குமாறு அடுக்குக. மழைக்கு முன் உலர்த்த இயலாத கட்டைகளை நீரில் மூழ்க வைப்பது, பாதி நனைந்தபடி கிடத்துவதைவிட மேல்.

6. கிளை வெட்டும்பொழுது முளை விடாமல், அடிமரத்தின் பட்டையைக் கிழிக்காமல் வெட்டுக. ஒவ்வொரு புண்ணும் காளானுக்குத் திறந்த கதவு.

ஆசிரியர்கள் செய்துகாட்டத்தக்க பரிசோதனைகள்

சிதற்பதிவு: புதிதாக வளர்ந்த தட்டு ஒன்றைக் கொணர்ந்து, பாதி வெண்மையும் பாதி கருமையுமான தாளின்மீது துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடுக. மறுநாள் எடுத்துப் பார்த்தால் தாளில் பொடி படிந்திருக்கும். டிராமட்டஸ் வகையின் வெண்பொடி கருந்தாளிலும், கேனோடெர்மாவின் பழுப்புப் பொடி வெண்தாளிலும் நன்கு தெரியும். பொடியை மாணவர்கள் ஊதவோ முகரவோ விடலாகாது.

மட்கலின் அளவு: ஒரே கட்டையிலிருந்து சம அளவுள்ள மூன்று துண்டுகளை வெட்டி, வெயிலில் நன்கு உலர்த்தி எடை காண்க. இலவு, முருங்கை போன்ற மென்மரம் ஏற்றது. ஒன்றை உலர்ந்த அறையில் வைக்க. இரண்டாவதை ஈரமான இலைக்குவியலில் வைக்க. மூன்றாவதை நீர் நிறைந்த கலத்தில் முழுக அமிழ்த்துக. ஆறு திங்கள் கழித்து மூன்றையும் முன்போலவே உலர்த்தி எடை காண்க. உலர்த்தாமல் எடை கண்டால் நீரின் எடை நம்மை ஏமாற்றிவிடும். மட்குதலுக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே வேண்டும் என்பதை எந்த விளக்கத்தினும் இம்மூன்று எண்கள் தெளிவாகக் காட்டும்.

ஒரு கட்டையின் வரலாறு: பள்ளிக்கு அருகில் வீழ்ந்து கிடக்கும் கட்டை ஒன்றைத் தேர்ந்து, திங்கள்தோறும் அதில் தோன்றும் காளான்களையும் பூச்சிகளையும் படம் வரைந்து நாளிட்டு வைக்கச் செய்க. ஆண்டுதோறும் வரும் மாணவர்கள் அதே குறிப்பேட்டைத் தொடரலாம். முதலில் வந்த காளான் மறைந்து வேறொன்று தோன்றுவதையும், பட்டை கழல்வதையும், கடைசியில் கட்டையின்மேலேயே ஒரு நாற்று முளைப்பதையும் அவர்கள் காணக்கூடும்.

முடிவுரை

ஒரே காளான் மரக்கிடங்கில் நட்டத்தையும், தோட்டத்தில் நோயையும், காட்டில் வளத்தையும் உண்டாக்குகிறது. காளானின் செயல் மாறுவதில்லை, மாறுவது இடமே. ஆகவே, தட்டுக் காளானைக் காணுந்தோறும் நாம் கேட்க வேண்டிய வினா, இதனை எவ்வாறு அழிப்பது என்பது அன்று. இது வேரில் உள்ளதா, வைரத்தில் உள்ளதா, வீழ்ந்த கட்டையில் உள்ளதா? மரத்தின் அடியில் மக்கள் நடமாடுகின்றனரா, பறவைகள் குடியிருக்கின்றனவா? இவ்வினாக்களுக்கு விடை கண்டபின்னரே அரிவாளை எடுப்பதோ, மரத்தை அப்படியே நிற்க விட்டு மேற்செல்வதோ முறையாகும்.